ஐந்து பல் சீப்பு

"வெள்ளை" என்றாள் மருந்து ஆய்வக டைரக்டர். "யாரு நிக்கிறீங்கன்னே தெரியல. எல்லாம் பால்ல முக்கி எடுத்த மாதிரி வெள்ளையா இருக்கு."

கட்டிலருகே நின்ற அண்ணி, நோயாளியின் முகத்துக்கு நேரே இரண்டு விரல்களை நீட்டிப் பார்த்தாள். டைரக்டரின் கண்மணிகள் அசையவில்லை. வாயை மூடியிருந்த பிளாஸ்டிக் ஆக்சிஜன் குவளைக்குள் மூச்சு மட்டும் மாடிப்படி ஏறியவளைப்போல இரைத்துக்கொண்டிருந்தது. அண்ணிக்குப் பின்னால் நின்ற கொழுந்தன் அரை எட்டுப் பின்வாங்கினான்.

இந்த இருவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அண்ணி துப்பறிகிறவள். அதற்கு முன்னால் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்தியவள். அவளை அண்ணி என்று கூப்பிட முறைப்படி உரிமையுள்ளவன் அவள் கணவனின் தம்பி ஒருவன்தான். ஆனால் அவன் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று ஏலம் போட்டதில், இன்ஸ்பெக்டரிலிருந்து ஜேப்படிக்காரன் வரை ஊரே அவளை அண்ணியாக்கிக்கொண்டது. அந்தக் கொழுந்தன் பல வருடங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகப் பேசியே பிழைத்தவன். கம்பெனி மூடியதும் அண்ணியிடம் வந்து சேர்ந்தான். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, பேசுவது என்று அவனுக்கு மூன்று வேலைகள். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது. அதை அவனாகவே ஆசைப்பட்டுச் செய்தான்.

இந்த அறைக்குள் வந்ததிலிருந்து அந்த மூன்றாவது வேலை நின்றுபோயிருந்தது.

டாக்டர் அவர்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"எனக்கு இது மெத்தனால் விஷம்னுதான் தோணுது. வயித்து வலி, மூச்சு, ரத்தத்துல அமிலம், இப்ப கண்ணு. பாடப் புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. ஆனா ஆதாரம் இல்ல. எங்க டெஸ்ட் மெஷின் ரிப்பேர். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியிருக்கோம். நாளைக்குத்தான் முடிவு வரும்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமா?" என்றாள் அண்ணி.

"கண்ணு தாங்காது. ஆள் தாங்குவாங்களான்னும் சொல்ல முடியாது."

"அப்போ சந்தேகத்துக்கு மருந்தைக் குடுத்துட வேண்டியதுதானே டாக்டர்?" என்றான் கொழுந்தன்.

"இங்க இருக்கிற மருந்தே ஆல்கஹால்தான் சார். சொட்டு சொட்டா ஏத்தணும். அவங்க ஈரல் ஏற்கெனவே பழுது. மெத்தனால் இல்லாத உடம்புல அதை ஏத்தினா, நானே கொன்ன மாதிரி. ரத்தத்தைக் கழுவுற டயாலிசிஸ் மெஷின் ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு வேற ஒரு நோயாளி காத்துட்டிருக்கார். அவரைத் தள்ளி வைக்க எனக்கு ஒரு காரணம் வேணும். ஆனா வந்திருக்கிற ரிப்போர்ட் நேர் எதிரா இருக்கு. இவங்க குடிச்ச எலுமிச்சை ஜூஸ் மிச்சத்தை இவங்க லேப்லயே டெஸ்ட் பண்ணி, மெத்தனால் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

"அந்தப் பேப்பரை நான் பார்க்கணும்."

"சீக்கிரம் பாருங்க அண்ணி" என்றார் டாக்டர். அவரும்.

தாழ்வாரத்து பெஞ்சில் டைரக்டரின் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், எதிரே இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டரின் கணக்கு எளிமையானது. எந்த விஷமானாலும் ஒரு நாளைக்குள் வேலையைக் காட்டிவிடும். திங்கள் விடியலில் அம்மாளுக்கு உடம்புக்கு வந்தது. ஞாயிறு முழுக்க அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கூட இருந்தது, சமைத்துப் போட்டது எல்லாம் இந்தக் கணவர்தான்.

"சனிக்கிழமை சாயங்காலம் லேப்ல குடிச்ச ஜூஸ்னா, நேத்தே படுத்திருப்பாங்களே" என்றார் இன்ஸ்பெக்டர்.

கணவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை ஜெயில்ல போடட்டும்மா, பரவாயில்ல. அவளுக்குக் கண்ணு போச்சுன்னா அவ இருக்க மாட்டா. ஒரு வாரமா அவ தூங்கல. லேப்ல யாரோ ஒரே ஸ்பெக்ட்ரத்தை, அதான் மருந்தைச் சோதிச்ச வரைபடத்தை, திரும்பத் திரும்ப காப்பி எடுத்து, வேற வேற மருந்துக்கு 'சரியா இருக்கு'ன்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்களாம். நாளைக்குக் கூட்டத்துல பேரைச் சொல்லப் போறேன்னா. எங்கிட்டக்கூட பேரைச் சொல்லல."

அண்ணி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள். அவள் நடை வேகமாக இருந்ததிலிருந்தே கொழுந்தனுக்கு விஷயம் புரிந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மருந்துகளைச் சோதிக்கும் அந்த ஆய்வகம் ஒரு நீண்ட, ஜன்னல் குறைந்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் ஆட்கள் சத்தத்துக்குப் பதிலாக எங்கிருந்தோ ஓர் உறுமல் கேட்டது. நிற்காத உறுமல். கொழுந்தனுக்கு அது பிடிக்கவில்லை.

"கட்டடத்துக்கு வயிறு சரியில்ல போலிருக்கு அண்ணி."

"டெஸ்ட் பண்ற மெஷினோட காந்தத்தைக் குளிரா வெச்சிருக்கிற பம்ப் அது."

வாசலிலேயே டெபுடி எதிரே வந்தார். டைரக்டருக்கு அடுத்த நாற்காலிக்காரர். நேராக ரயில் நிலையத்திலிருந்து வருகிறாராம். கையில் பெட்டி, சட்டையில் பயணக் கசங்கல், முகத்தில் அளவான துக்கம்.

"சனிக்கிழமை ராத்திரியே ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பிட்டேன். காலையில ரயில்ல வரும்போதுதான் போன் வந்தது. உடனே நம்ம காந்தம் சாருக்குச் சொல்லி, அவங்க ரூம் ஃபிரிட்ஜ்ல இருந்த ஜூஸ் பிளாஸ்க்கை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கன நீர்ல கலந்து ஒரு புரோட்டான் ஸ்பெக்ட்ரம் எடுங்க, பத்து நிமிஷ வேலைன்னு சொன்னதே நான்தான். நம்மால ஆனது அவ்வளவுதானே?"

பேச்சில் ஒரு பிசிறு இல்லை. இன்ஷூரன்ஸில் இருந்தபோது இப்படிப் பேசுகிறவர்களிடம் கொழுந்தன் பாலிசி விற்றதில்லை. அவர்கள்தான் இவனுக்கு எதையாவது விற்றுவிட்டுப் போவார்கள்.

உறுமல் வந்த அறையில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளி உருளை மூன்று கால்களில் நின்றது. சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு. அதன் அருகே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர்தான் காந்தம். அந்த இயந்திரத்தோடு இருபது வருடங்கள் குடித்தனம் நடத்தியதால் வந்த பெயர். அறுபதை நெருங்குகிற, ஒல்லியான மனிதர்.

"கடிகாரம், சாவி, பெல்ட்டுல இரும்புக் கொக்கி இருந்தா அதுவும், கோட்டுக்கு வெளிய வெச்சிடுங்க" என்றார், திரும்பாமலே.

"பெல்ட்டைக் கழட்டினா பேன்ட்டுக்கு நான் பொறுப்பில்ல சார்" என்றான் கொழுந்தன்.

காந்தம் சிரிக்கவில்லை. நெற்றிப் பொட்டைத் தேய்த்துக்கொண்டார். அண்ணி கேட்டதும் மேஜையில் கையை ஓட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். தாளில் ஒரு நீளக் கோடு. அதில் அங்கங்கே ஊசி ஊசியாக எழும்பிய பீக்குகள்.

"இது தண்ணி, தூண் மாதிரி நிக்கிறது. இந்தப் பக்கம் சிட்ரிக் அமிலம், நாலு ஊசி. நடுவுல புதர் மாதிரி இருக்கே, அது பழத்துல இருக்கிற சர்க்கரை. அவ்வளவுதான்மா." பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்.

"மெத்தனால் இருந்தா புதருக்கு இந்த ஓரத்துல ஒத்தை ஊசியா, பனைமரம் மாதிரி நிக்கும்" என்று சேர்த்துக்கொண்டார் டெபுடி. "இல்ல பாருங்க."

உண்மைதான், பனைமரம் இல்லை. அண்ணி தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். அவள் புருவம் ஒரு நூலளவு ஏறியது. கொழுந்தனும் எட்டிப் பார்த்தான். டெபுடி காட்டிய அதே ஓரத்தில், தரையோடு தரையாக, எறும்பு உயரத்துக்கு ஒரு குட்டிச் சீப்பு. ஐந்து பற்கள். நடுப் பல் உயரம், ஓரத்துக்குப் போகப் போகக் குட்டை.

"இது என்ன?" என்றாள்.

"எது?" என்றார் காந்தம்.

"அது சால்வென்ட் பீக் மேடம்" என்றார் டெபுடி, சட்டென்று. "கரைக்கிற திரவத்தோட மிச்சம். எல்லா ஸ்பெக்ட்ரத்துலயும் வரும். கெமிஸ்ட்ரி படிக்க வர்ற பசங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கிறதே அதைக் கண்டுக்காதேன்னுதான்."

"ஆமா. நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று அண்ணி தாளை மடித்தாள். "அப்ப எங்களுக்கு இங்க வேலையில்ல."

டெபுடியின் தோள்கள் ஒரு விரற்கடை இறங்கின. "நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். மேடம் பக்கத்துல நம்ம ஆள் யாராவது இருக்கணும் இல்ல?" என்று சொல்லிப் பெட்டியோடு வெளியேறினார். கதவு சாத்திக்கொண்டது. உறுமல் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது.

"வேலையில்லைன்னா கிளம்பலாமா அண்ணி?"

"உட்காருங்க தம்பி. இப்பதான் வேலையே." அண்ணி தாளை மறுபடி பிரித்தாள். "காந்தம் சார், ஜூஸை எதுல கலந்து எடுத்தீங்க?"

"கன நீர்லதான்."

"வேற எதுவும் சேர்க்கலையே?"

"இல்லம்மா."

"அப்போ இந்தச் சால்வென்ட் யாரு வீட்டுது? ஐந்து பல், இந்த இடத்துல. இது கன மெத்தனாலோட மிச்சம். கன நீர்ல போட்ட ஜூஸ்ல கன மெத்தனாலுக்கு என்ன வேலை?"

காந்தம் மறுபடியும் நெற்றிப் பொட்டைத் தேய்த்துக்கொண்டார்.

கொழுந்தன் கையைத் தூக்கினான். "எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும். முதல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாலும் நான் கடைசி பெஞ்சுதான்."

அண்ணி இப்படித்தான் விளக்குவாள். வேகமாக, ஆனால் விடாமல். "ஹைட்ரஜனுக்கு ஒரு அண்ணன் இருக்கான் தம்பி. முகம் ஒண்ணு, குணம் ஒண்ணு, எடை மட்டும் ரெண்டு மடங்கு. கன ஹைட்ரஜன். இந்த மெஷின் புரோட்டான் ஸ்பெக்ட்ரம் எடுக்கும்போது தம்பியோட குரலை மட்டும்தான் கேட்கும். அண்ணன் பேசினா அதுக்குக் காது கிடையாது. அதனாலதான் கரைக்கிறதுக்கு அண்ணன் மட்டும் இருக்கிற திரவமா விலை குடுத்து வாங்கறாங்க. கன நீர், கன மெத்தனால் எல்லாம் அப்படி. மெஷின் கண்ணுல அது படவே படாது."

"அதாவது மெத்தனால்தான் விஷம். ஆனா அதை அண்ணன்களை வெச்சே செஞ்சா..."

"மெஷின் முன்னாடி வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. விஷத்துக்கு வேஷம் போட்டு அனுப்பியிருக்காங்க. ஆனா எந்தக் கம்பெனியும் நூத்துக்கு நூறு சுத்தமா செய்ய முடியாது. எங்கேயோ ஒரு மூலக்கூறுல ரெண்டு அண்ணன் நடுவுல ஒரு தம்பி மாட்டிக்குவான். அவன் ஈனக் குரல்ல பேசுவான். பக்கத்துல இருக்கிற ரெண்டு அண்ணன்களும் அவன் குரலை ஐந்தா உடைப்பாங்க. அதுதான் இந்தச் சீப்பு."

"நம்ம வீட்டுக் கொடியில அடுத்த வீட்டுக்காரர் சட்டை தொங்குது. தினமும் பார்க்கிற சட்டைங்கிறதால யாரும் கேட்கல."

"இதை விட நல்லா நானே சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் அண்ணி. கொழுந்தனுக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "சார், மெஷினோட காதை மாத்துங்க. இந்தத் தடவை ஜூஸை எதுலயும் கலக்காதீங்க, அப்படியே வையுங்க. அண்ணன் குரலைக் கேட்போம்."

காந்தம் எழுந்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். அது கை தவறித் தரையில் விழுந்து நொறுங்கியது. இன்னொன்றை எடுத்து, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து ஜூஸை இறக்கினார். ஏணியில் ஏறி உருளையின் உச்சியில் குழாயை விட்டார். காற்று அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. விசைப்பலகையில் அவர் விரல்கள் தாமாகவே ஓடின.

"திரையை நீங்களே பாருங்கம்மா. எனக்குக் கை வேலை இருக்கு" என்றார். கை வேலை எதுவும் இருப்பதாகக் கொழுந்தனுக்குத் தெரியவில்லை. அவர் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

திரையில் கோடு மட்டமாக ஓடியது. பிறகு ஒரே இடத்தில், சீப்பு இருந்த அதே இடத்தில், ஒற்றை ஊசி நெட்டுக்குத்தாக எழுந்து திரையின் உச்சியைத் தொட்டது. காலையிலிருந்து காணாமல் போயிருந்த பனைமரம்.

அண்ணி போனை எடுத்தாள். "டாக்டர், மெத்தனால்தான். கனமான மெத்தனால். படம் அனுப்பறேன். காத்திருக்காதீங்க." மறுமுனையில் டாக்டர் யாரையோ உரக்கக் கூப்பிடுவதும், சக்கர நாற்காலி உருளும் சத்தமும் கேட்டன. போன் துண்டித்தது.

கொழுந்தன் நாற்காலியைக் காந்தத்தின் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சார், கன மெத்தனால் இருக்கிற அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு. டெபுடிகிட்ட ஒண்ணு."

"சாவி உங்ககிட்ட. மெஷின் உங்ககிட்ட. 'ஒண்ணுமில்ல'ன்னு ரிப்போர்ட் குடுத்தது நீங்க. இருபது வருஷம் பார்த்த கண்ணு. எங்க அண்ணி ஒரே பார்வையில பார்த்ததை நீங்க பார்க்கலைன்னா, நான் நம்பணுமா? ஆஸ்பத்திரியில ஒரு அம்மா குருடாயிட்டிருக்காங்க சார்!"

அவன் குரல் உயர்ந்துவிட்டது. அப்படிக் கோபப்படுவான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. காந்தம் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தனுக்கு இனி சந்தேகமே இல்லை, ஆள் மாட்டிக்கொண்டான்.

அண்ணி அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவிக் காந்தத்தின் கையில் கொடுத்தாள். "இது இப்ப எடுத்தது சார். இதுல எத்தனை பீக் இருக்கு?"

காந்தம் தாளைத் தூக்கிப் பிடித்தார். தூரத்தில் வைத்தார், பக்கத்தில் வைத்தார். "ஒண்ணு பெருசா... அப்புறம் சின்னதா ரெண்டு மூணு."

கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

அது வெறும் வெள்ளைத் தாள்.

"எப்போலேர்ந்து சார்?" என்றாள் அண்ணி. அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து கொழுந்தன் கேட்டதில்லை.

"காலையில எழுந்ததும் மங்கலா இருந்தது. கண்ணாடியில அழுக்குன்னு நினைச்சேன். இங்க வந்ததும் புகை மாதிரி." காந்தம் தாளை மடியில் வைத்துத் தடவினார். "எனக்கு அடுத்த மாசம் கண் பரிசோதனை. கண்ணு சரியில்லைன்னா மெஷின் பக்கம் விட மாட்டாங்க. டெபுடி போன் பண்ணிச் சொன்னார், எடுத்தேன். பேப்பர்ல ஒண்ணும் தெரியல. எலுமிச்சை ஜூஸ்ல என்ன இருக்கும்னு தெரியாதா? தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். சத்தியமா அதுல இப்படி இருக்கும்னு..." மேலே பேச முடியவில்லை. அழுதார்.

"சனிக்கிழமை நீங்களும் அந்த ஜூஸைக் குடிச்சீங்களா?"

"வேலை முடிஞ்சதும் மேடம் எனக்கும் ஊத்துவாங்க. எப்பவும் குடுப்பாங்க."

கொழுந்தன் சற்று முன் கத்தியதை நினைத்துக் கூசிப்போனான். அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது; பிடித்துக்கொண்டான்.

அண்ணி அறையை இரண்டு முறை நடந்தாள். "சனிக்கிழமை குடிச்சது. திங்கட்கிழமை அடிக்குது. ரெண்டு பேருக்கும். தம்பி, மெத்தனால் நேரா ஆளைக் கொல்றதில்ல. ஈரல்ல ஒரு என்சைம் அதுலேர்ந்து ஹைட்ரஜனை ஒவ்வொண்ணா ஆணி பிடுங்கற மாதிரி பிடுங்கும். கடைசியில எறும்பு கடிச்சா எரியுமே, அந்த அமிலம் மிஞ்சும். அதுதான் கண்ணை அழிக்கிறது. ஆனா இங்க இருக்கிறது கனமான ஆணி. லேசுல வராது. சாதாரண மெத்தனாலா இருந்தா நேத்தே படுத்திருப்பாங்க. இன்ஸ்பெக்டர் கணக்கு சரிதான், விஷம்தான் வேற."

"அப்போ அந்த வீட்டுக்காரர்?"

"பாவம், சமைச்சதைத் தவிர வேற குத்தம் பண்ணல. இப்ப சொல்லுங்க, மெதுவா வேலை செய்யற விஷம் யாருக்குத் தேவை?"

"பொறுமைசாலிக்கு?"

"ஊருக்குக் கிளம்பறவனுக்கு."

கொழுந்தன் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தான். சனிக்கிழமை ராத்திரி ரயில். கசங்கிய சட்டை. அலமாரியின் இரண்டாவது சாவி, கூட்டத்தில் டைரக்டர் சொல்லவிருந்த பெயர். கன நீரில் போடு, புரோட்டான் மட்டும் எடு என்று கன மெத்தனாலைப் பார்க்காத மெஷின் கண்ணால் பார்க்கச் சொன்ன போன். மேடம் பக்கத்தில் நம்ம ஆள் யாராவது இருக்கணும் இல்ல?

"அண்ணி, அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்."

அண்ணி ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது, அடித்தது, எடுக்கப்படவில்லை. மறுபடி. எடுக்கப்படவில்லை. அவள் டாக்டருக்குப் போட்டாள்.

"டிரிப் ஏத்தியாச்சு அண்ணி" என்றார் டாக்டர் மூச்சு வாங்க. "மெஷினைத் தயார் பண்ணச் சொல்லிட்டு இப்பதான் வெளிய வந்தேன்."

"உள்ள யாரு இருக்கா?"

"அவங்க டெபுடி. நல்ல மனுஷர். நாக்கு வறளுதுன்னாங்க, வாயை நனைக்கிறேன்னு..."

"அவரை வெளிய இழுங்க! அவர் குடுக்கிற எதையும் உள்ள விடாதீங்க! இன்ஸ்பெக்டர் எங்கே?"

போன் எதன்மீதோ விழுந்தது. ஓடும் காலடிகள். ஒரு கதவு சுவரில் மோதியது. ஒரு பெண் கத்தினாள். நர்ஸா, டைரக்டரா என்று தெரியவில்லை. ஏதோ கண்ணாடி உடைந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. காந்தத்தின் அறையில் மூன்று பேரும் அந்தக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பார்க்க முடியாமல், உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி?" இன்ஸ்பெக்டரின் குரல். "பிடிச்சாச்சு. தண்ணி கிளாஸ் அம்மா உதட்டுக்குப் போகல, கீழே கொட்டிடுச்சு. அந்த வீட்டுக்காரர்தான் பாய்ஞ்சு தட்டி விட்டார். நான் அவரைக் காவல்ல உட்கார வெச்சிருந்தேனே, அவர்."

டாக்டர் மறுபடி லைனில் வந்தார்.

"டாக்டர், இன்னொரு நோயாளி இருக்கார்" என்றாள் அண்ணி. "அதே ஜூஸ். அவருக்கும் கண்ணு போயிட்டிருக்கு."

"டிரிப் எத்தனை பேருக்கு வேணும்னாலும் ஏத்தலாம். ஆனா மெஷின் ஒண்ணுதான். முதல்ல யாரைப் போடறதுன்னு நான் முடிவு பண்ணணும். அவர் எவ்வளவு குடிச்சார்?"

அண்ணி போனைக் காந்தத்தின் பக்கம் நீட்டினாள்.

"ஒரு வாய்தான் டாக்டர்" என்றார் காந்தம். "எனக்குப் புளிப்பு ஆகாது. ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்தைத் தொட்டியில ஊத்திட்டேன். அவங்களை முதல்ல பாருங்க."

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு வேறெதுவும் தெரியாமல் போகலாம், பொய் தெரியும். கேட்காத காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறவன் பொய் சொல்கிறான். எப்பவும் குடுப்பாங்க என்று இப்போதுதான் சொன்னவருக்குப் புளிப்பு ஆகாதாம். சும்மா இருந்துவிட்டால் டைரக்டருக்கு முழு மெஷினும் கிடைக்கும். இந்த மனிதர் வரிசையில் காத்திருந்து குருடாவார். அதைத்தான் அவர் கேட்டுக்கொள்கிறார். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"பொய் சொல்றார் டாக்டர்" என்றான் கொழுந்தன். "அவங்க எவ்வளவோ, இவரும் அவ்வளவு. அதை வெச்சு முடிவு பண்ணுங்க."

"எதுக்குய்யா சொன்னே?" காந்தம் அவன் கையை உதறினார். "நான் தெரியாத கண்ணை வெச்சு ரிப்போர்ட் குடுத்தேன். காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தா அவங்களுக்கு எப்பவோ மருந்து ஏறியிருக்கும். எதுக்குய்யா சொன்னே?"

அண்ணி குனிந்து அவர் தோளில் கை வைத்தாள். "சார், அந்த ஆள் தான் தப்பிக்கிறதுக்காகத் தேடித் தேடி மெதுவான விஷமா எடுத்தான். அது இன்னும் உங்க ரெண்டு பேர் உடம்புலயும் முழுசா உடைஞ்சிருக்காது. டிரிப் ஏறினா என்சைம் அந்த ஆல்கஹாலைப் பிடிச்சுக்கும், இதை விட்டுடும். உடையாததை மெஷின் வெளிய எடுத்துடும். அவன் தனக்குன்னு வாங்கின நேரம் சார் அது. இப்ப உங்களுக்கும் அவங்களுக்கும் இருக்கிறது அது ஒண்ணுதான். அதை இங்க உட்கார்ந்து அழுது தீர்க்காதீங்க. எழுந்திருங்க."

"கூட்டிட்டு வாங்க" என்றார் போனில் டாக்டர். "எங்கிட்ட பேசாம ஓட்டுங்க. பக்கத்து ஊர்ல ஒரு மெஷின் இருக்கான்னு கேட்கிறேன். இருக்குன்னு சொல்ல மாட்டேன். கேட்கிறேன்."

ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் கொழுந்தன். நடுவில் காந்தம், இருபது வருடம் நடந்த தாழ்வாரத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். படி வரும்போதெல்லாம் கொழுந்தன் சொன்னான். வாசல் கதவை அண்ணி தள்ளித் திறந்ததும் காந்தம் நின்றுவிட்டார். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"வெளிய மூடுபனியா தம்பி?" என்றார். "ஒண்ணுமே தெரியலையே."

"ஆமா சார்" என்றான் கொழுந்தன். "இன்னிக்குப் பனி ஜாஸ்தி. எனக்கே கார் தெரியல."

தெருக்கோடி வரை பளிச்சென்று தெரிந்தது.